மாஸ்டரும் இரண்டு கைக்கடிகாரங்களும்

கேக் மேல் பெயர் எழுதுவதில் பேக்கரி மாஸ்டரை அடித்துக்கொள்ள ஆளில்லை. க்ரீம் பையைக் கையில் எடுத்தால் எழுத்து முத்து முத்தாக விழும். எவ்வளவு நீளமான பெயர்க்காரர் பிறந்தநாள் கொண்டாடினாலும் கேக்கில் இடம் பற்றாமல் போனதில்லை. அப்பேர்ப்பட்ட மனுஷன், மாவு மூட்டையும் கையுமாக பேக்கரிப் படியில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டார்.

கட்டுப் பிரித்து நாளாகிவிட்டது. யார் விசாரித்தாலும், "கையா? கல்லு மாதிரி இருக்கு" என்பார். பச்சைப் பொய். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து எதையும் இறுக்கிப் பிடிக்க மாட்டேன் என்றன. க்ரீம் பை நழுவியது. "இப்பல்லாம் பேர் எழுதறது ஃபேஷன் இல்லைங்க, பூதான்" என்று வாடிக்கையாளர்களிடம் அளந்துவிட்டு, கடையில் வாங்கிய சர்க்கரைப் பூக்களை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். கல்லாவில் உட்காரும் மனைவிக்கு மட்டும் இது தெரிந்துவிடக் கூடாது. தெரிந்தால் அவள் தூக்கம் போய்விடும். அதைவிட, 'இனிமேல் எழுத வராது' என்று வாய்விட்டுச் சொன்னால் அதுவே நிஜமாகிவிடுமோ என்று அவருக்குப் பயம்.

இந்த நிலையில்தான் அவர்களுடைய வெள்ளிவிழாத் திருமண நாள் வந்தது. "வாங்க, உங்களுக்கு ஒரு வாட்ச் வாங்கணும்" என்று மனைவி அவரைக் கடைக்கு இழுத்துப் போனாள். அந்தக் கடை ஜன்னலில் ஒரு கடிகாரத்தைப் பார்த்து அவர் விட்ட பெருமூச்சுகள் அவளுக்குத் தெரியாதவையா என்ன?

கடைக்காரர் இரண்டை எடுத்து வைத்தார். விலையில் பெரிய வித்தியாசமில்லை, இரண்டிலும் பேட்டரி கிடையாது. ஒன்று ஆட்டோமேட்டிக். கை அசைய அசைய உள்ளே ஒரு எடை சுழன்று தானாகவே முடுக்கிக்கொள்ளும். இன்னொன்று மாஸ்டர் ஆசைப்பட்டது. மெலிசு, வெள்ளை முகம். தினமும் காலையில் பக்கவாட்டில் உள்ள குமிழைத் திருகிச் சாவி கொடுக்க வேண்டும்.

பயறளவு இருந்த அந்தக் குமிழைப் பார்த்ததும் மாஸ்டர் வலது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

"ஆட்டோமேட்டிக்கே இருக்கட்டும்" என்றார்.

"என்னங்க, அது டப்பா மாதிரி இருக்கு."

"கனமா இருந்தாதான் கட்டியிருக்கோம்னு தெரியும். பின்னாடி பாரு, கண்ணாடி போட்டிருக்கான். உள்ள சுத்தறது தெரியுது."

"பின்பக்கத்துலதான் மணி பார்க்கப் போறீங்களா?"

"இந்த ஒல்லி வாட்செல்லாம் ரொம்ப நாள் உழைக்காதும்மா."

"கல்யாணத்தப்ப நீங்களும் ஒல்லிதான்."

கடைக்காரர் சிரிப்பை அடக்கப் படாதபாடு பட்டார். பாவம், நல்ல எண்ணத்தில்தான் அவர் அந்த மெலிசுக் கடிகாரத்தை மாஸ்டரிடம் நீட்டினார். "ஒரு தடவை சாவி கொடுத்துப் பாருங்க சார். சும்மா வழுவழுன்னு சுத்தும்."

மாஸ்டர் திருகினார். விரல் நழுவியது. மறுபடியும் திருகினார். குமிழ் அசையவே இல்லை. இடது கை மெல்ல உதவிக்கு வந்தது. மனைவி அந்த இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவருக்கு வியர்த்துவிட்டது.

"முடியலைம்மா" என்றார், கடிகாரத்தைக் கீழே வைத்து. "விரல் பிடிக்க மாட்டேங்குது. கட்டுப் பிரிச்சதுலேர்ந்தே இப்படித்தான்."

"சர்க்கரைப் பூவை டப்பா டப்பாவா வாங்கினப்பவே தெரியும். நீங்களா வாயைத் திறப்பீங்கன்னு பார்த்தேன்."

இத்தனை நாள் போட்ட நாடகம் இவ்வளவு மட்டமா என்று மாஸ்டருக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் நெஞ்சில் ஏற்றி வைத்திருந்த மூட்டை இறங்கிவிட்டது. அவள் கடைக்காரர் பக்கம் திரும்பினாள். "இந்த மெலிசையே போடுங்க."

"அடடா, யாரு இதுக்குத் தினம் சாவி கொடுக்கறது?"

"உங்களால முடிஞ்ச வரைக்கும் நீங்க திருகுங்க. மிச்சத்துக்கு நான் இருக்கேன்ல?"

மறுநாளே டாக்டரிடமும் இழுத்துப் போனாள். அவர் சொன்ன பயிற்சிகளை மாஸ்டர் முனகிக்கொண்டே செய்தார். காலையில் தேநீருக்கு முன்னால் கடிகாரத்தைக் கண்டுபிடித்தவனைத் திட்டிக்கொண்டே குமிழோடு மல்லுக்கட்டுவார். ஆரம்பத்தில் அரைச் சுற்று வருவதற்குள் முழி பிதுங்கும். பிறகு அவளிடம் நீட்டுவார். அவள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, முந்தின நாள் வியாபாரத்தைப் பேசியபடி மிச்சத்தைத் திருகிக் கொடுப்பாள். போகப் போக அவர் திருகுவது கூடியது, அவள் பங்கு குறைந்தது. பேச்சு மட்டும் குறையவில்லை.

ஒரு நாள் காலை வழக்கம்போல அவள் கடிகாரத்தை வாங்கிக் குமிழைத் திருகினாள். நகரவில்லை.

"ஐயையோ, கெட்டுப்போச்சா?"

"முழுசா கொடுத்தாச்சு. இனிமே சுத்தாது."

"எந்தக் கையால?"

மாஸ்டர் வலது கையைத் தூக்கிக் காட்டினார். அவள் அந்த இரண்டு விரல்களையும் பிடித்துக்கொண்டாள். சந்தோஷத்தில் அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. எழுந்து போக மனசில்லாமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

"நாளைக்கு எனக்கும் கொஞ்சம் மிச்சம் வைங்க" என்றாள்.