சோடியத்தின் தம்பி

பேருந்து நிலையத்துக்குப் பின்னால் கடை வைத்திருந்த அந்த டைலர் யாரையும் எளிதில் நம்பமாட்டார். "சாயம் போகாது" என்று ஜவுளிக்காரர் சத்தியம் செய்தாலும், துணியின் ஓரத்தை நனைத்துப் பார்த்த பிறகுதான் கத்தரியை எடுப்பார். "உங்க நிழலையே திரும்பித் திரும்பிப் பார்ப்பீங்க" என்று அவர் மனைவி இருந்தவரை சொல்வாள்.

ரத்த அழுத்தம் என்று டாக்டர் மாத்திரை கொடுத்து, உப்பைக் குறைக்கச் சொன்னார். சில நாளில் சூப்பில் லேசாகக் கசப்பு தட்டியது. சமையலறையை எட்டிப் பார்த்தார். மருமகள் அலமாரியின் பின்வரிசையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து, அவர் கிண்ணத்தில் மட்டும் தூவினாள். வீட்டை மகன் பேருக்கு மாற்றும் பேச்சு அப்போதுதான் கிளம்பியிருந்தது.

"அது என்னம்மா டப்பா?"

"உப்புதான் மாமா. சோடியத்துக்குப் பதிலா பொட்டாசியம்."

அவள் பள்ளியில் வேதியியல் ஆசிரியை. கூடத்துச் சுவரில் மாட்டியிருந்த தனிம அட்டவணையைக் காட்டினாள்.

"தனிமங்களை அணு எண்படி அடுக்கிக்கிட்டே போனா, கிழமை மாதிரி அதே குணம் திரும்பத் திரும்ப வரும். ஒத்த குணம் உள்ளதெல்லாம் ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா நிக்கும். லித்தியம், சோடியம், கீழ பொட்டாசியம். மூணுமே கத்தியால வெட்டலாம், தண்ணியில போட்டா சீறும், குளோரினோட சேர்ந்தா உப்பாகும். அண்ணன் தம்பிங்க."

"எனக்கும் ஒரு தம்பி இருக்கான். அச்சு அசல் என் மூக்கு. அவனை நம்பிக் கடைச் சாவியைக் கொடுப்பேனா?"

அவள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். அவர் அன்று முழுக்க வேறு விதமாகத்தான் நினைத்தார்.

மறுநாள் டப்பாவைத் துணிப்பைக்குள் ஒளித்து மருந்துக்கடைக்குப் போனார்.

"இதுல விஷம் ஏதாவது இருக்காம்மா?"

மருந்துக்கடைப் பெண் டப்பாவைப் படித்தாள். "விஷமெல்லாம் இல்ல. நீங்க என்ன மாத்திரை சாப்பிடறீங்க?"

பேரைச் சொன்னதும் அவள் முகம் மாறியது. "அது பொட்டாசியத்தை உடம்புலயே பிடிச்சு வைக்கிற மாத்திரை. இதையும் சேர்த்துச் சாப்பிட்டா இதயத் துடிப்பே தடுமாறலாம். இன்னைக்கே டாக்டரைப் பாருங்க."

ரத்தத்தில் பொட்டாசியம் அளவு மீறியிருந்தது. டாக்டர் அந்த உப்பை நிறுத்தி, மாத்திரையையும் மாற்றினார். மருத்துவமனை நடையில் மருமகள் அழுதுகொண்டே நின்றாள்.

"ஒரே குணம்னு தினமும் பிள்ளைங்களுக்குச் சொல்றேன். எங்க வேறுபடும்னு உங்க விஷயத்துல டாக்டர்கிட்ட நான் கேக்கலையே மாமா."

"நான் உப்பைச் சந்தேகப்படல" என்றார் அவர், தரையைப் பார்த்தபடி. "உன்னைத்தான்."

"தெரியும். டப்பா காணாமப் போனப்பவே தெரியும்."

அதன் பிறகு அவர் சூப்பில் எந்த உப்பும் விழவில்லை. முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் குடித்தார். அவள் அதைக் கவனித்தாள். அதே சூப்பைத் தன் கிண்ணத்திலும் ஊற்றிக்கொண்டு எதிரே வந்து உட்கார்ந்தாள்.