உப்புண்ணி என்ன தின்னும்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. அஞ்சாம் வகுப்போடு நின்றவள். பாதி மறந்தும் போச்சு. முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் நாலாம் வகுப்பு முடித்த கோடை அது. எழுபதுகளின் நடுவில் ஏதோ ஒரு வருஷம். பரவைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். கண்மாயில் தண்ணீர் வற்றியதும் அப்பா அதன் உள்ளே வெள்ளரி போடுவார். பிஞ்சுகளை அம்மா பரவைச் சந்தைக்குக் கொண்டுபோவாள். நாலு காயை மட்டும் பறிக்காமல் கொடியிலேயே பழுக்க விடுவார்கள். அடுத்த வருஷத்துக்கு விதை அதில்தான். தெரியாமல் யாரும் கை வைத்துவிடக் கூடாது என்று அம்மா பழைய சேலையைக் கிழித்து அந்த நாலுக்கும் காம்பில் கட்டியிருந்தாள்.

காவலுக்கு என்னை உட்காரவைத்தார்கள். காவல் என்றால் சத்தம் போட வேண்டும். எனக்கு அதுதான் வராது. வகுப்பில் "உள்ளேன் ஐயா" சொன்னால்கூட வாத்தியார் காதுக்கு எட்டாது. மூன்றாம் நாளே என் அத்தை மகனும் அவன் கூட்டாளிகள் இரண்டு பேரும் துணி கட்டின காயில் ஒன்றைப் பறித்து, உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டு என் கண் முன்னாலேயே தின்றார்கள். நான் அழுதேன். அதையும் சத்தமில்லாமல்தான் அழுதேன்.

அப்பா அடிக்கவில்லை. "இன்னொன்னு போச்சுன்னா உங்க அண்ணன் காவலுக்கு வரட்டும். நீ மதுரையில சித்தி வீட்டுக்குப் போயி புள்ளயத் தூக்கிக்கிட்டு இரு" என்றார். சித்தி வீட்டில் ஒரே வாசலில் பதினோரு குடித்தனம். அத்தனை பேரும் என்னிடம் பேச்சுக் கொடுப்பார்கள். அதற்குக் கண்மாய் வெயிலில் காய்வது எவ்வளவோ மேல்.

மறுநாளும் மூவரும் வந்தார்கள். அத்தை மகன் டவுசர் பையிலிருந்து உப்புப் பொட்டலத்தை எடுத்தான். காய்ந்த கண்மாய் மண்ணில் கை நுழைகிற அளவுக்கு வெடிப்பு ஓடியிருக்கும். நான் அதைக் காட்டி, "உப்பைப் பிரிக்காத மச்சான். உள்ள இருக்கு" என்றேன்.

"என்னா இருக்கு?"

"உப்புண்ணி."

அந்தப் பேர் என் வாய்க்குள் எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"ஊமச்சிக்கு வாய் வந்துருச்சுடா" என்று கூட்டாளிகள் சிரித்தார்கள். அத்தை மகன் சிரிக்கவில்லை. "அது என்ன திங்கும்?" என்று கேட்டான்.

நத்தை என்றேன். சுற்றிலும் வெறும் நத்தை ஓடாகக் கிடந்ததால் சாட்சிக்குப் பஞ்சமில்லை. கண்மாய் நிறைந்து கிடக்கும்போது வயிறு முட்டத் தின்னும், தண்ணீர் வற்றினால் குரவை மீன் சேற்றுக்குள் புதைவது மாதிரி வெடிப்புக்குள் போய்ச் சுருண்டுகொள்ளும், பட்டினியில் அதன் உடம்பில் உப்பு குறைந்துவிடும், அதனால் உப்பு வாசம் பட்டால் மேலே வரும் என்றேன். வேர்த்த காலைக்கூட நக்கும், நக்கின இடம் லேசில் ஆறாது என்றும் சேர்த்துக்கொண்டேன். அத்தை மகனின் கணுக்காலில் ஒரு மாதமாக ஆறாத புண் ஒன்று இருந்தது. குனிந்து அதைப் பார்த்துக்கொண்டான்.

அன்றைக்குக் காயைத் தொடாமல் போனார்கள். மறுநாள் புதுக் கேள்வியோடு வந்தார்கள். அதை எது பிடித்துத் தின்னும்? கொக்கு. அப்புறம் ஏன் கண்ணில் படவில்லை? மண் நிறம். இப்படியே தினமும் நடந்தது. அவர்கள் என்னென்ன கேட்பார்கள் என்று யோசித்துக்கொண்டேதான் வீட்டில் பாத்திரம் விளக்குவேன்.

ஒருநாள் வெடிப்போரம் ஒரு பிடி உப்பை வைத்துவிட்டுப் போனார்கள். காலையில் வந்து பார்த்தால் உப்பைக் காணோம். முந்தின சாயங்காலம் கோடைத் தூறல் விழுந்திருந்தது. அது யாருக்கும் நினைவில் இல்லை, எனக்கும் இல்லை. அன்றைக்கு முழுக்க நானே காலைத் தூக்கிக் கல்மேல் வைத்துக்கொண்டுதான் காவல் இருந்தேன்.

கூட்டாளிகளில் நெட்டையானவனுக்கு மட்டும் நம்பிக்கை வரவில்லை. "எல்லாம் புளுகு. நெசமா இருந்தா இந்நேரம் கண்மாய் பூரா உப்புண்ணியால்ல திரியணும்?" என்று துணி கட்டின காய்க்கு நேரே போனான்.

நான் எழுந்து நின்றேன். "அது ரெண்டு குட்டிதான் போடும். கூடப் போட்டா நத்தை பத்தாது. அந்த ரெண்டையும் துணி கட்டுன காய்க்கு அடியிலதான் போடும். அங்கதான் எந்த மனுசனும் கை வைக்க மாட்டான்" என்றேன். கரைமேல் மாடு ஓட்டிப் போனவர் திரும்பிப் பார்த்தார். அவ்வளவு சத்தமாகச் சொல்லியிருக்கிறேன்.

அவன் அப்படியும் கையை நீட்டினான். அத்தை மகன் பாய்ந்து பிடித்து இழுத்தான். "விடுறா மாப்ள. நத்தை பத்தாதுங்குது பாரு. புளுகுறவளுக்கு அந்த ரோசனையெல்லாம் எப்புட்றா வரும்?"

மூன்று காயும் மஞ்சளாகப் பழுத்து வெடித்தன. அப்பா வைக்கோல் பரப்பிய கூடையில் வைத்துத் தலையில் சுமந்து வந்தார். நான் அவருக்கு முன்னால் நடந்தேன். "வாயத் தொறக்காத புள்ள, கண்மாயவே காத்துருச்சு" என்று வழியில் கண்டவரிடமெல்லாம் சொன்னார். அண்ணன் அன்றைக்கு என்னோடு பேசவில்லை. அம்மா விதையை வழித்துச் சாம்பலில் புரட்டிக் காயவைத்துவிட்டு, பழத்தில் வெல்லம் போட்டு முதல் துண்டை என் உள்ளங்கையில் வைத்தாள். அடுத்த மூன்று கோடைக்கும் காவல் நான்தான்.

மூன்று பேரையும் பயமுறுத்தி ஜெயித்துவிட்டோம் என்றுதான் அன்றைக்கு நிமிர்ந்து நடந்தேன். பயந்தவர்கள் பம்பரத்தையும் கிட்டியையும் போட்டுவிட்டு, ஒருநாள் விடாமல் அந்த வெயிலில் என் பக்கத்தில் வந்து ஏன் உட்கார்ந்தார்கள் என்று எனக்குக் கேட்கத் தெரியவில்லை.

குட்டி பிறந்த முதல் மாதம் தாய் அதற்கு என்ன ஊட்டும் என்று ஒருநாள் அத்தை மகன் கேட்டான். நானும் ஏதோ சொன்னேன். அது மட்டும் எவ்வளவு யோசித்தாலும் வரவில்லை. அவர் இப்போது கொட்டாம்பட்டிப் பக்கம் மகன் வீட்டில் இருக்கிறாராம். இதைப் படிக்கிறவர்கள் யாராவது அந்தப் பக்கம் போனால் விசாரித்துச் சரிபார்த்துச் சொல்லுங்கள். நானாகக் கேட்க இன்னும் கூச்சமாக இருக்கிறது.