தரையைப் பார்க்காத டயர்

எனக்கு இரண்டு தம்பிகள். பெரியவனைச் சொந்தக்காரர்கள் 'புதுசு' என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு கம்பெனியின் சாமான் கிடங்கைக் காவல் காத்துப் பார்த்துக்கொண்ட உத்தியோகம். அந்தப் புத்தி வீட்டுக்கும் வந்துவிட்டது. கல்யாணத்துக்குப் போட்ட கைக்கடிகாரத்தைப் பேரன் பிறந்த பிறகும் பெட்டியோடுதான் காட்டுவான். "அத்தான், மூளையையும் இப்படித்தான் தொடாம வெச்சிருக்கீங்களா?" என்று அவன் கொழுந்தியாள் ஒருமுறை கேட்டாள். வீடே சிரித்தது, அவனும் சிரித்தான்.

கார் வாங்கியும் மாதத்துக்கு இரண்டு தடவைதான் வெளியே எடுப்பான். மற்ற நாளெல்லாம் அது உறைக்குள் கிடக்கும்.

சின்னவன் வாடகைக் கார் ஓட்டிப் பிழைத்தான். வேறு வருமானம் இல்லை. "இவர் கால் மிதிச்சாத்தான் எங்க வீட்டு அடுப்பு எரியும்" என்பாள் அவன் பெண்டாட்டி.

ஒரு கோடையில் அவன் முன் டயர் ஒன்று நூல் தெரியத் தேய்ந்துபோனது. புதிது வாங்கக் கிளம்பியவனைப் பெரியவன் மறித்து, தன் கார் டிக்கியிலிருந்த ஸ்டெப்னியை உருட்டிக்கொண்டு வந்தான். அதன்மேல் இருந்த ரப்பர் முடிகூட உதிரவில்லை.

"எதுக்குடா தெண்டச் செலவு? இது தரையையே பார்த்ததில்ல. வெச்சுக்கோ."

மனசாரத்தான் கொடுத்தான், பொய் சொல்லக் கூடாது. தன் சாமானை இன்னொருவருக்கு அவன் கொடுத்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

மூன்று பேருமாகத்தான் பஞ்சர் கடைக்குப் போனோம். கடைக்காரர் டயர் ஓரத்தில் பொறித்திருந்த தேதி எண்களைத் துடைத்துப் பார்த்தார். கட்டைவிரலால் அழுத்தி மடக்கினார். மயிரிழை மயிரிழையாக வெடிப்பு தெரிந்தது.

"சார், இது செஞ்சு பன்னெண்டு வருஷமாச்சு. ஓடாட்டியும் ரப்பர் காஞ்சு போயிரும். வெயில்ல வேகமாப் போனா பிச்சுக்கும்."

"டயர் என்ன பாலாய்யா, வெச்சிருந்தா திரிஞ்சு போக? உன் சரக்கை விக்கணும்னா நேரா சொல்லு."

"நான் பஞ்சர் ஒட்டுறவன் சார். டயர் விக்கிறது எதிர்க்கடை."

சின்னவன் என் முகத்தைப் பார்த்தான். "என்னக்கா செய்ய?"

"ஆசையா குடுக்கிறான். போட்டுக்கோயேன்டா" என்றேன்.

பதினோராம் நாள் உச்சி வெயிலில், நெடுஞ்சாலையில் அந்த டயர் வெடித்தது. மேல்பட்டை தோல் உரிந்த மாதிரி தனியாகக் கிடந்ததாம். வண்டி தடுப்புச் சுவரில் போய் மோதியது. சவாரி யாரும் இல்லாதது ஒன்றுதான் மிச்சம். சின்னவனுக்கு வலது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது.

ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களிடமெல்லாம் பெரியவன், "வேகம்தான். சொன்னா கேட்டாத்தானே?" என்றான், கட்டிலில் கிடந்தவன் காதில் விழும் தூரத்தில் நின்றுகொண்டு. சின்னவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தான்.

"அண்ணி, 'என் தப்புடா'ன்னு ஒரே ஒரு தடவை சொல்லச் சொல்லுங்க" என்றாள் சின்னவன் பெண்டாட்டி என்னிடம். "காலா திரும்ப வரப்போகுது? இவர் வாய் திறந்து பேசுவார், அவ்வளவுதான்."

சொல்லிப் பார்த்தேன். "எந்தத் தப்பு?" என்றான் பெரியவன்.

வீட்டுக்கு அனுப்பிய அன்று பெரியவனே தன் காரைக் கொண்டுவந்து ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தினான். புது ரப்பர் நாற்றம் அடித்தது. அக்குள் கட்டையை ஊன்றி நின்ற சின்னவன் குனிந்து பார்த்தான். நாலு டயரும் பளபளவென்று இருந்தன.

"எப்பண்ணே மாத்தினே?"

"போன வாரம். பழசாயிருச்சுல்ல."

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவன் காதிலேயே விழுந்திருக்க வேண்டும். கதவைத் திறந்து பிடித்தபடி தெருவைப் பார்த்தான். இப்போதாவது சொல்லுவான் என்று காத்திருந்தோம்.

"ஏறுடா, வெயிலாகுது" என்றான்.

சின்னவன் தன் பெண்டாட்டியைப் பார்த்து, "வாடகை வண்டி ஒண்ணு கூப்பிடு" என்றான். வண்டி வந்தது. அவள் அவனைத் தாங்கி ஏற்றி, பக்கத்தில் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டாள். முன் சீட்டு காலியாகத்தான் இருந்தது. என்னை யாரும் கூப்பிடவில்லை.

"நீயாவது ஏறுக்கா" என்றான் பெரியவன். ஏறினேன்.