அரைத் தலைக்கட்டின் ஆட்சேபணை

பெட்ரோல் பங்குக்கு எதிரே 'நகராட்சி எல்லை முடிவு' என்று ஒரு பலகை நின்றது. அதற்கு அந்தப் பக்கம் கடலோர டவுன். மீன் ஏலம், பள்ளிவாசல்கள், வளைகுடா சம்பாத்தியத்தில் எழுந்த மாடி வீடுகள். இந்தப் பக்கம் எங்கள் கிராமம். மானாவாரி நெல், குண்டு மிளகாய், சீமைக் கருவேலம், ஒரு ஊருணி. சில ஆண்டுகளாகவே பலகைக்கு இந்தப் பக்கமும் மிளகாய்க் காடுகளில் மஞ்சளும் சிவப்புமாகப் பிளாட்டுக் கற்கள் முளைத்துக்கொண்டிருந்தன. கல் முளைத்தால் அடுத்து கெஜட் முளைக்கும் என்பது எனக்குத் தெரியும். உள்ளாட்சி நிர்வாகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ஊர்களைச் சேர்ப்பது, பிரிப்பது, தரம் உயர்த்துவது என்று கோப்புகளோடு காலம் தள்ளியவன். அந்தக் கோப்புக்கு வெளியே நின்று பார்க்கும் வாய்ப்பு மட்டும் அதுவரை கிடைத்ததில்லை.

ஊராட்சி அலுவலகக் கதவில் ஒரு நாள் அறிவிப்பை ஒட்டினார்கள். எங்கள் ஊராட்சியைப் பக்கத்து நகராட்சியோடு இணைக்க அரசு உத்தேசித்திருக்கிறது. ஆட்சேபணை உள்ளவர்கள் உரிய காலத்துக்குள் ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்கலாம். காரணங்கள் பழகிய முகங்கள்: மக்கள்தொகைப் பெருக்கம், நிர்வாக வசதி, பொதுமக்களின் நீண்டநாள் கோரிக்கை, நகர்ப்புறத் தன்மை. கடைசிக் காரணத்தைச் சரிபார்க்கலாம் என்று திரும்பிப் பார்த்தேன். அலுவலகப் படியில் இரண்டு ஆடுகள் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தன.

ஊராட்சித் தலைவரின் பதவிக்காலம் முடிந்து, தனி அலுவலர் பொறுப்பில் இருந்த நேரம் அது. எதிர்த்துப் பேச வேண்டிய நாற்காலி காலியாக இருக்கும்போது இணைப்பு வேலை சுலபமாக நடக்கும். எனவே எங்கள் ஊர் தன் பழைய வழிக்குத் திரும்பியது. அம்மன் கோயில் கொட்டகையில் ஊர்க்கூட்டம் போட்டார்கள்.

ஊர்க்கூட்டத்துக்குத் தலைமை ஏற்பவரை எங்கள் பக்கம் அம்பலம் என்போம். எங்கள் அம்பலம் என்னைவிடச் சற்று இளையவர். கோபக்காரர், ஆனால் நேர்மையானவர். ஜமுக்காளத்தில் ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் கொட்டகைக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்றார்கள்.

"டவுனோட சேந்தா தெரு லைட்டு நல்லா எரியும்ல?" என்றார் பிளாட்டு வியாபாரத்தில் இறங்கியிருந்த ஒருவர்.

"நம்ம ஊர்ல மட்டும் எரியலையாக்கும்? பகல் பூரா எரியுது," என்று பின்னாலிருந்து பதில் வந்தது.

"சாக்கடை கட்டிக் குடுப்பாக."

"கட்டுவாக, கட்டுவாக. டவுன்ல கட்டுனத மொதல்ல தொறந்து பாரு. மூக்கப் பொத்திக்கிட்டுப் பாரு."

சிரிப்பு அடங்கியதும் அம்பலம் விஷயத்துக்கு வந்தார். வீட்டு வரி ஏறும், ஊருணி நகராட்சிச் சொத்தாகும், நூறு நாள் வேலை போகும். கடைசியாகச் சொன்னதற்கு மரத்தடியில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. அந்த வேலைத் திட்டம் கிராமங்களுக்கு மட்டுமே உரியது. எல்லைப் பலகை நகர்ந்துவிட்டால் வேலை அட்டை வெறும் அட்டை.

வேண்டாம் என்று ஊர் முடிவு செய்தது. ஊர் சார்பாக ஒரே மனு, அதில் எல்லாத் தலைக்கட்டும் கையெழுத்து. தலைக்கட்டு என்றால் திருவிழாவுக்கு வரி கொடுக்கும் ஒரு குடும்பம். இது எங்கள் ஊரின் மாறாத வழக்கம். பஸ் கேட்டபோதும், பள்ளிக்கூடம் கேட்டபோதும் ஒரே மனுதான். ஊர் பேசிய பிறகு எவனும் தனியாகக் காகிதம் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் தண்டம்.

நான் எழுந்தேன். "ஒரே மனுவாக் குடுத்தா ஒரு ஆட்சேபணைன்னுதான் கணக்கு வரும். ஆபீசுல தலைய எண்ண மாட்டாக, காகிதத்தத்தான் எண்ணுவாக. வீட்டுக்கு ஒரு மனு குடுங்க."

அம்பலம் என்னை வருத்தத்தோடு பார்த்தார். "என்னண்ணே நீங்களே இப்படிச் சொல்றீக? ஆளுக்கொரு மனுவத் தூக்கிக்கிட்டுப் போனா, ஊரு சில்லறையாப் போச்சுன்னு டவுன்காரன் சிரிக்க மாட்டானா? ஊரு ஒண்ணா நிக்கிதுன்னு கலெக்டருக்குத் தெரிய வேணாமா?"

"சாரு ரிட்டயர் ஆனாலும் பைலு ரிட்டயர் ஆகல," என்று ஒருவர் சொல்ல, ஜமுக்காளம் முழுக்கச் சிரித்தது. நான் உட்கார்ந்துவிட்டேன். ஒற்றுமையைக் காட்ட அவர்கள் தேர்ந்தெடுத்த வழி, அலுவலகத்தின் கண்ணுக்கு அவர்களை ஒரே ஆளாகச் சுருக்கிவிடும் என்பதை அந்தச் சிரிப்புக்குள் எப்படிச் சொல்வது?

மறுநாள் காலை அடுத்த தெருப் பெண்மணி ஒருத்தி வந்தாள். கணவன் இறந்து பல வருஷம். ஒரே மகள் திருப்பூரில், பனியன் கம்பெனி வேலை செய்யும் மாப்பிள்ளையோடு ஒற்றை அறை வீட்டில் இருக்கிறாள். இவளுக்கு இடுப்பில் பழைய அடி. குனிந்தே நிற்கும் மிளகாய்ப் பழம் பறிப்புக்குப் போக முடியாது. டவுனில் நண்டு உரிக்கும் கம்பெனியில் பொழுதுக்கும் நிற்க முடியாது. ஊருணி தூர் வாரும் நூறு நாள் வேலையில் மட்டும் மற்றவர்கள் வெட்ட, இவள் உட்கார்ந்து கூடையில் மண் அள்ளிப் போடுவாள். அதை வைத்துத்தான் சொந்த வீட்டில் தனியாக இருந்தாள்.

"அண்ணே, அந்த வேல போயிருச்சுன்னா நான் மக வீட்டுக்குத்தான் போகணும்," என்றாள். "மாப்ள நல்ல மனுசன், ஒண்ணும் சொல்ல மாட்டாக. ஆனா அந்த ஒத்த ரூமுல நான் எங்கன படுப்பேன், அவுக எங்கன படுப்பாக? எனக்கு ஒரு மனு எழுதித் தாங்க."

"ஊர்தான் ஒரே மனுன்னு சொல்லிருச்சே தாயி. தண்டம் போடுவாக."

"அந்த மனுவுல என் பேரு இருக்கா?"

இல்லை. இருக்க முடியாது. எங்கள் ஊரில் கணவனை இழந்தவளின் வீடு அரைத் தலைக்கட்டு. திருவிழாவுக்குப் பாதி வரி கொடுத்தால் போதும். இரக்கப்பட்டு என்றோ செய்த ஏற்பாடு. ஆனால் பாதி வரி கொடுக்கும் வீட்டுக்குக் கூட்டத்தில் இடம் கிடையாது, கையெழுத்தும் கிடையாது. நேற்று வேப்பமரத்தடியில் நின்றவர்களில் பாதிப் பேர் அப்படிப்பட்டவர்கள்தான். அந்த வேலையை நம்பி இருந்ததும் பெரும்பாலும் அவர்கள்தான்.

"கையெழுத்துல சேக்காத ஊரு, தண்டத்துல மட்டும் சேத்துக்கிருமாண்ணே?" என்று கேட்டாள்.

எத்தனையோ விதிகளுக்குள் சந்து தேடியவன் நான். இந்தச் சந்து என் கண்ணில் படவில்லை. காகிதத்தை எடுத்தேன்.

"ஐயா, நான் மேற்படி கிராமத்தில் வசிக்கும்..." என்று நான் தொடங்க, அவள் தடுத்தாள். "இடுப்ப எழுதுங்க. படுக்க எடமில்லன்னு எழுதுங்க."

எழுதினேன். போகும்போது, மற்ற அரைத் தலைக்கட்டுகளையும் வரச் சொல்லட்டுமா என்றாள். வரட்டும், ஆனால் இதையே பார்த்து எழுதக் கூடாது என்றேன். வாசகம் ஒன்றாக இருந்தால் எல்லாவற்றையும் ஒரே கட்டாகக் கட்டி ஒரே எண் போட்டுவிடுவார்கள். ஒவ்வொருத்திக்கும் அவளுடைய காரணம் வேண்டும்.

அடுத்த சில மத்தியானங்கள் அவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். காரணத்துக்குப் பஞ்சமே இல்லை. ஒருத்திக்குப் பார்வை மங்கல். டவுன் ரோட்டைக் கடந்து வேலைக்குப் போகப் பயம். ஒருத்திக்கு ஊருணிக்கரையில் மேயும் நான்கு ஆடுகள். நகராட்சி வந்தால் ஆட்டைப் பிடித்துப் போவார்கள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். இன்னொருத்தி வெகுநேரம் யோசித்தாள். "அங்க போனாத்தான் நாலு பேரோட பேச முடியுது. வீட்டுல செவுத்தோடதான் பேசணும். இத எழுதலாமா?" என்றாள். எழுதலாம் என்றேன். பரிசீலனைக்கு உகந்த காரணம் அல்ல என்று எனக்குத் தெரியும். ஆனாலும் எழுதினேன்.

திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் எல்லோரும் டவுன் பஸ் ஏறி ராமநாதபுரம் போனார்கள். பெண்களுக்கு டிக்கெட் இல்லை. அம்பலமும் அதே நாளில் ஊர் மனுவோடு மோட்டார் சைக்கிளில் போயிருந்தார். ஆட்சியர் அலுவலக வரிசையில் தனக்கு முன்னால் தன் ஊர்ப் பெண்கள், ஆளுக்கொரு காகிதத்தோடு நிற்பதை அங்கேதான் பார்த்தார்.

சாயங்காலம் டீக்கடையில் என்னைப் பிடித்துக்கொண்டார். "ஊருக்குள்ள இருந்துக்கிட்டு இப்படிச் செஞ்சிட்டீகளேண்ணே. கட்டுப்பாட்ட மீறச் சொல்லிக் குடுத்திருக்கீக. அம்புட்டுப் பேருக்கும் தண்டம் போடப்போறேன்."

"எந்தக் கணக்குல போடுவீக? அவுகதான் முழுத் தலைக்கட்டு இல்லையே. அரைத் தலைக்கட்டுக்குக் கட்டுப்பாடு உண்டுன்னு ஊர் எப்பவாவது தீர்மானம் போட்டிருக்கா?"

அவர் கிளாசைக் கையில் வைத்தபடி யோசித்தார். டீ ஆறிப்போனது. "இல்ல," என்றார். பிறகு, "இத வக்கீலு எவனும் சொல்லிருக்க மாட்டான்," என்றார்.

"வக்கீல் சொல்லல. அந்த அடுத்த தெருத் தங்கச்சிதான் சொல்லுச்சு."

ஆறிய டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு மோட்டார் சைக்கிளைக் கிளப்பினார். தண்டம் போடவே இல்லை.

அதற்குப் பிறகு நடந்ததைக் கொஞ்சமாகத்தான் சொல்ல முடியும். அரசு கொஞ்சமாகத்தான் சொன்னது. வரப்பெற்ற ஆட்சேபணைகள் பரிசீலிக்கப்பட்டன. ஏற்கத்தக்க காரணங்கள் இல்லை என்பதால் நிராகரிக்கப்பட்டன. குறிப்பிட்ட நாளிலிருந்து மேற்படி ஊராட்சி நகராட்சியின் பகுதியாகும். மொத்தம் ஒரே பக்கம். நல்ல நடை. இப்படிப்பட்ட பக்கங்கள் எப்படித் தயாராகின்றன என்பது எனக்குத் தெரியும். முடிவு முதலில் வரும், பரிசீலனை பிறகு நடக்கும்.

மனு கொடுத்த ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் வந்தது. அது நடைமுறை. தபால்காரர் அன்று எங்கள் ஊரில் நிறைய நேரம் நின்றார். எல்லோரும் உறையைப் பிரிக்காமலே என்னிடம் கொண்டுவந்தார்கள். இடுப்புக்கும், பார்வைக்கும், ஆட்டுக்கும், சுவரோடு பேசுவதற்கும் ஒரே பதில்தான். ஒரு சொல் மாறவில்லை. ஒரே கட்டாகக் கட்டிவிடக் கூடாது என்று நான் ஒவ்வொன்றையும் வேறு வேறாக எழுதியதெல்லாம் அங்கே எப்படியோ ஒரே கட்டாகிவிட்டிருந்தது. அம்பலமும் ஊர் மனுவுக்கு வந்த பதிலைக் கொண்டுவந்து காட்டினார். அதுவும் அதே வாசகம். முழு ஊரையும் அரைத் தலைக்கட்டையும் அரசு சமமாக நடத்தியிருந்தது.

"வேலயப் பத்தி எதுவும் போட்டிருக்காண்ணே?" என்று கேட்டாள் அடுத்த தெருப் பெண்மணி.

"நகர்ப்புற வசதிகள் கிடைக்கும்னு போட்டிருக்கு."

"வேலயப் பத்தி?"

"இல்ல தாயி."

ஊருணி வேலை அந்த வாரமே நின்றது. மேற்குப் பக்கம் இடுப்பளவு வெட்டியிருந்தார்கள். கிழக்குப் பக்கம் பழைய வண்டல் அப்படியே மேடாகக் கிடந்தது. மீதியை நகராட்சி டெண்டர் விட்டு மிஷின் வைத்து அள்ளும் என்றார்கள். எல்லைப் பலகை பெட்ரோல் பங்கிலிருந்து கிளம்பி, எங்கள் ஊரைத் தாண்டி, பனங்காட்டு ஓரத்தில் போய் நின்றது. பிளாட்டு வியாபாரிகள் விளம்பரத்தில் 'நகராட்சி எல்லைக்குள்' என்று சேர்த்துக்கொண்டார்கள்.

ஐப்பசியில் மழை பெய்தது. வெட்டிய பக்கத்தில் மட்டும் தண்ணீர் நின்றது.

சில மாதங்கள் அவள் சமாளித்துப் பார்த்தாள். நண்டுக் கம்பெனிக்கும் போனாள். மூன்றாம் நாள் இரண்டு பெண்கள் கைத்தாங்கலாகப் பிடித்து ஆட்டோவில் கொண்டுவந்து விட்டார்கள். பிறகு திருப்பூரிலிருந்து மாப்பிள்ளையே வந்தார். ஒரு பை, ஒரு டிரங்குப் பெட்டி. கிளம்புவதற்கு முன் அரசின் பதிலை மடித்து எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள். அம்பலமும் அப்போது அங்கே இருந்தார். வீட்டு வரி நோட்டீஸைக் காட்ட வந்திருந்தார்.

"இதுக்குத் திருப்பி ஒரு மனுப் போடலாமாண்ணே?"

"போடலாம். மறுபரிசீலனைன்னு கேக்கலாம். ஆனா..."

"ஆனாவெல்லாம் எனக்குத் தெரியும். போடுங்க."

எழுதத் தொடங்கினேன். அனுப்புநர் முகவரிக்கு வந்ததும் பேனாவை நிறுத்தினேன். "திருப்பூர் அட்ரசு சொல்லு. பதில் அங்கதான வரணும்."

"அங்க எதுக்கு? என் வீட்டு அட்ரசப் போடுங்க. நான் இங்கனதான் இருக்கேன். கொஞ்ச நாளைக்கு மக வீட்டுக்குப் போறேன், அம்புட்டுத்தான்."

மாப்பிள்ளை வாசலில் நின்று செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்போது எங்கள் தெருக்களுக்கு வார்டு எண் உண்டு, வீட்டுக்கு வீடு புதிய கதவு எண் உண்டு. அதைப் போடாத மனுவை மேசையிலேயே திருப்பிவிடலாம். நானே திருப்பியிருப்பேன். அவள் வீட்டுக்கான புதிய எண்ணைச் சொன்னேன். அவள் தலையை ஆட்டினாள். "அது யாரு வீட்டு நம்பரோ. நான் குடிவந்தப்ப இருந்த நம்பரப் போடுங்க. ஊரு பேரப் போடுங்க."

நான் அம்பலத்தைப் பார்த்தேன். அவர் தன் கையிலிருந்த வரி நோட்டீஸை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"போடுங்கண்ணே," என்றார். "கீழ நானும் கையெழுத்துப் போடுறேன்."

தனி மனுவில் இன்னொருவர் கையெழுத்துக்கு இடம் கிடையாது. அந்த முகவரியும் இப்போது நடைமுறையில் கிடையாது. பழைய கதவு எண்ணையும் ஊர்ப் பெயரையும் எழுதி, அவள் பெயருக்குக் கீழே அவருக்கு இடம் விட்டேன்.