நாலு மணிக்கு உடையும் ஊசி

தாராவியில் நான் வேலை செய்யும் பை தைக்கும் பட்டறையில் மாலை நாலு மணிக்கு மேல் எல்லாருடைய ஊசியும் உடையும். பன்னிரண்டு மெஷின், பன்னிரண்டு ஆள். ஒருவர் மெஷினுக்கு எண்ணெய் விடுவார். ஒருவர் அறுந்தே போகாத நூலை மறுபடி கோப்பார். இன்னொருவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு இரும்பு ஏணியில் இறங்கினால், அரை மணி நேரம் கழித்து டீ வாசத்தோடு திரும்புவார். வந்த புதிதில் இதைப் பார்க்க எனக்கு எரிச்சலாக இருந்தது. ரயிலைப் பிடிக்க அப்படி ஓடுகிற ஊர், வேலையில் உட்கார்ந்ததும் இப்படிப் படுத்துவிடுகிறதே என்று கூட இருந்தவர்களை மனதுக்குள் கேவலமாக நினைத்தேன். கைவேலை தெரிந்தவனை இங்கே காரிகர் என்பார்கள். அந்தப் பட்டத்துக்கு இவர்கள் லாயக்கில்லை என்பது என் தீர்ப்பு.

திசையன்விளைப் பக்கம் ஒரு சின்னத் தையல் கம்பெனியில் ஆறு வருடம் இருந்தவன் நான். மாதச் சம்பளம், அதுவும் சொற்பம். ஆனால் வேகமாகத் தைக்கிறவனுக்கு அங்கே ஒரு மரியாதை இருந்தது. மரியாதையை உலையில் போட முடியாதே, அதனால் ரயிலேறினேன். தாராவியில் பீஸ் ரேட், அதாவது ஒரு பைக்கு இவ்வளவு என்று கூலி. கூடத் தைத்தால் கூடக் கிடைக்கும் என்று நினைத்தேன். இங்கே புதிதாக வந்து இறங்குகிற ஒவ்வொரு மடையனும் அப்படித்தான் நினைக்கிறான்.

இரண்டாவது மாதமே தகரத்தை வெட்டி ஓர் அச்சு செய்தேன். பையின் வாரை அதில் வைத்து மடித்தால் சாக்பீஸால் கோடு போட வேண்டாம், நேரே மெஷினுக்குக் கொண்டுபோகலாம். எல்லாருக்கும் ஒன்று வெட்டிக் கொடுத்தேன், அது வேறு பெருந்தன்மை. பக்கத்து மெஷின் தங்கராஜ் அண்ணன் மட்டும் அதைத் தொடவில்லை. சாயர்புரத்துக்காரர், ஐம்பது தாண்டியவர், கண் கொஞ்சம் மங்கல். ஆனாலும் பட்டறையிலேயே சுத்தமான தையல் அவருடையதுதான். அந்தத் தையலில்தான் மகளை நர்சிங் படிக்க வைத்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, இத அண்ணாச்சி கண்ணுல காட்டிராத" என்றார். பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

அண்ணாச்சி எங்கள் முதலாளி, எங்கள் ஜில்லாக்காரர். அச்சைப் பார்த்தார், முதுகில் தட்டினார், ஞாயிற்றுக்கிழமை எல்லாருக்கும் பிரியாணி போட்டார். திங்கட்கிழமை ரேட்டைக் குறைத்தார். "நேரம் மிச்சமாவுதுல்லா, பொறவு பைக்கு எதுக்கு அவ்வளவு?" என்று கேட்டார். பழைய கூலிக்கு இன்னும் அதிகப் பைகள் தைத்தோம். மிச்சமானதில் அவர் நல்ல மெஷின் ஒன்று வாங்கியிருக்கலாம். செம்பூரில் இரண்டாவது ஃபிளாட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்தார். அவரைப் பொறுத்தவரை மெஷினைவிட ஆள் மலிவு. மெஷின் கெட்டால் ரிப்பேர் செலவு, ஆள் கெட்டால் ஏணிக்குக் கீழே இன்னொருவன் நிற்கிறான்.

கண் மங்கிய தங்கராஜ் அண்ணனால் அந்த வேகத்துக்கு வர முடியவில்லை. புது ரேட்டில் அவர் கூலி பாதியாகத் தேய்ந்தது. மகள் படிப்பை நிறுத்திவிட்டு ஒரு மருந்துக்கடையில் நின்றாள். அவர் செம்பூரில் ஒரு கட்டிடத்துக்கு வாட்ச்மேனாகப் போனார். இந்த நாட்டின் ஒரு நல்ல தையல்காரர் இப்போது கார் வந்தால் எழுந்து கேட் திறக்கிறார். போகும்போது அவர் என்னைத் திட்டவில்லை, திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "ஒன் கை நல்ல கை தம்பி. அத இவனுவளுக்கு முழுசாக் காட்டிராத" என்றார். அன்றைக்கு எனக்கு என் மீதே அருவருப்பாக இருந்தது. அந்த வாரம் முதல் என் ஊசியும் நாலு மணிக்கு உடையத் தொடங்கியது.

பத்து வருடம் உடைந்தது. போன வருடம் மாட்டுங்காவிலிருந்து ஒரு நிபுணர் வந்தார். உற்பத்தி ஏன் கூடவில்லை என்று கண்டுபிடிக்க அவரை யாரோ அனுப்பியிருந்தார்கள். இஸ்திரி கலையாத சட்டை, கையில் டேப்லெட். நான் தைப்பதைப் போனில் நேரம் பிடித்துவிட்டு, "ரொம்ப ஸ்லோவா இருக்கேளே, ட்ரெய்னிங் குடுத்தா வேகமாத் தைப்பேளா?" என்றார்.

"வேகமாத் தைச்சா ரேட்டக் குறைக்க மாட்டோம்னு எழுதித் தருவியளா சார்?"

நான் கூலி உயர்வு கேட்பதாக நினைத்துக்கொண்டார். சம்பளம் தன் டிபார்ட்மெண்ட் இல்லை என்றார். பிறகு தொழிலாளிக்கு ஆர்வம் போதவில்லை, திறமையும் போதவில்லை என்று டேப்லெட்டில் தட்டிக்கொண்டார். அண்ணாச்சி வாங்கித் தந்த சமோசாவைத் தின்றுவிட்டு மாட்டுங்காவுக்கு டாக்ஸி பிடித்தார். காரணத்தின் எதிரிலேயே உட்கார்ந்து காரணத்தைத் தேடுகிற இவர்களுக்கு மட்டும் யாரும் பீஸ் ரேட் வைப்பதில்லை.

இந்த மே மாதம் சர்ச் அசன விருந்துக்கு ஊருக்குப் போனேன். பழைய கம்பெனிக்குள் சும்மா எட்டிப் பார்த்தேன். என்னைத் தெரிந்தவர்கள் இரண்டு பேர்தான் மிச்சம். அவர்கள் புதிதாகச் சேர்ந்த பெண்களிடம் என் வேகத்தைப் பற்றி அளந்துவிட்டு, மெஷினில் உட்கார்த்தி வைத்தார்கள். எனக்கும் ஆசைதான். இங்கே யாரும் கூலியைக் குறைக்கப் போவதில்லை, எவனுடைய மகளும் படிப்பை விடப் போவதில்லை. மனதார வேகமாகத் தைக்கலாம்.

என்னால் முடியவில்லை. ஒவ்வொரு மடிப்பிலும் கை தானாக நின்று, கொஞ்சம் யோசித்து, பிறகு நகர்ந்தது. நான் ஒன்று முடிப்பதற்குள் பக்கத்தில் ஒரு பெண் இரண்டு முடித்து வைத்திருந்தாள்.

"பம்பாய்ல இப்பிடித்தான் தைப்பாவளா மாமா?" என்று கேட்டாள். கேலி இல்லை, நிஜமாகவே கேட்டாள்.

நான் மறுபடி பெடலை மிதித்தேன். கால் ஊர்க்காரன் வேகத்தில் ஓடியது. கை தாராவிக்காரனாகத் துணியைப் பிடித்து இழுத்தது. இரண்டுக்கும் நடுவில் துணி சுருண்டு நின்றுவிட்டது.