மலைக்குப் போன யூனிட்டுகள்

அண்ணன் மகள் லேப்டாப்பில் ஒரே ஒரு வரி தட்டினாள். எவரோ எங்கோ எழுதி வைத்த புரோகிராம் தொகுப்புகள் மளமளவென்று வந்து இறங்கின. "யாருன்னே தெரியாதவங்க அத்தை, சும்மாவே குடுக்குறாங்க" என்றாள். எனக்கு உடனே மூக்கில் ஏலக்காய் வாசம் அடித்தது. சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது.

எண்பதுகளின் கடைசியில் போடியில் ஓர் ஏலக்காய் வியாபாரியிடம் எனக்கு வேலை. பக்கத்துச் சிலமலை கிராமத்திலிருந்து பஸ்சில் வருவேன். துணி போர்த்திய ஒரு கம்ப்யூட்டர். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் அதன் அறைக்குள்ளேயே நுழைய வேண்டும். மதுரையில் என்னோடு படித்த செல்விக்கு, மலை மேல் போடிமெட்டைத் தாண்டி ஓர் எஸ்டேட் ஆபீசில் இதே வேலை. புரோகிராம் எழுத இருவருக்கும் பாஸ்கல் மொழிதான்.

பாஸ்கலில் அப்போது யூனிட் என்று ஒன்று வந்திருந்தது. எடைக்கு ஒன்று, தேதிக்கு ஒன்று, பிரிண்டருக்கு ஒன்று என்று தனித்தனியாக எழுதி வைத்துவிட்டால், எந்தப் புரோகிராமிலும் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொள்ளலாம். எடையும் பிரிண்டரும் நான். தேதியும் ஆள் கணக்கும் அவள். எழுதியதைப் பதிந்த பிளாப்பித் தகட்டை ஏலக்காய் சாம்பிள் பைக்குள் வைத்து, கூலியாட்களை ஏற்றிப்போகும் ஜீப்பில் கொடுத்துவிடுவேன். "ஆத்தா, வெரசா கொண்டா, லோடு ஏத்தியாச்சு" என்று டிரைவர் கத்துவார். அவள் பங்கோடு திரும்பி வரும் பிளாப்பி பாயசம் மாதிரி மணக்கும். ஒவ்வொரு யூனிட்டின் தலையிலும் எங்கள் இருவர் பெயரும் இருக்கும். அதைத் திரையில் பார்ப்பதில் எனக்கு இருந்த பெருமை சொல்லி மாளாது.

அவள் மெஷினில் ஹார்டு டிஸ்க் உண்டு, என்னுடையதில் கிடையாது. "சோர்ஸ் எல்லாம் எங்கிட்டயே இருக்கட்டும்டி, பத்திரமா இருக்கும்" என்றாள். நாங்கள் எழுதிய வரிகளைத்தான் சோர்ஸ் என்போம். எங்கள் முதலாளியோ புது பிளாப்பி கேட்டால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். என் பழைய பிளாப்பிகளை அழித்து ஆபீஸ் கணக்கை ஏற்றினேன். செல்விதானே என்று.

கொஞ்ச நாளில் மலையிலிருந்து செல்வி அனுப்பிய பிளாப்பியில் சோர்ஸ் இல்லை. கம்பைல் செய்தது மட்டும். அது ஓடும்; படிக்கவோ திருத்தவோ முடியாது. அரைத்த ஏலப்பொடியிலிருந்து காயை எடுக்க முடியுமா? போனில் கேட்டேன். "ஓடுதுல்ல? பெறகென்ன உனக்கு?" என்றாள்.

அப்புறம் எங்கள் மெஷினில் பாஸ்கலின் புதுப் பதிப்பை ஏற்றினார்கள். பழைய யூனிட் எதையும் அது சேர்த்துக்கொள்ளவில்லை. சோர்ஸைக் கொடு, மறுபடி கம்பைல் செய்கிறேன் என்று அடம் பிடித்தது. ஏலக்காயை ஏலம் விடுவதற்கு எடைச் சீட்டு அடிக்க வழியில்லை. முதலாளி எல்லார் முன்னாலும், "இதுக்கா தாயி இம்புட்டுப் பெரிய பொட்டி?" என்றார்.

கொண்டை ஊசி வளைவெல்லாம் குமட்டிக்கொண்டு ஜீப்பில் போய் இறங்கினேன். "கட்டன் சாயா குடிக்கிறியாடி?" என்று பாலில்லாத டீயை நீட்டினாள் செல்வி. திரையில் என் எடை யூனிட். தலையில் அவள் பெயர் மட்டும். அதைக் காட்டி மதுரையில் ஒரு கம்பெனியில் வேலை வாங்கியிருந்தாள்.

"ரெண்டு பேரு இருந்தா, நீ எழுதுனது எதுன்னு கேக்குறாங்கடி. நான் இந்த மலைய விட்டு எறங்கணும்."

"சோர்ஸையாவது குடு."

"இப்ப அது கம்பெனிக்குன்னு ஆயிருச்சு."

சாயாவைத் தொடாமல் எழுந்து வந்தேன். அவள் இறங்க நினைத்ததில் எனக்கு வருத்தமில்லை. என் பெயரை எப்படி அழிக்க மனசு வந்தது?

எல்லாவற்றையும் மறுபடி எழுதினேன், முன்னைவிட நன்றாகவே. ஆனால் ஜீப் நிற்கும் பக்கம் போகவில்லை. தேவாரம் ஊரிலிருந்து ரைஸ்மில்காரர் ஒருவர் எடைப் புரோகிராம் கேட்டு வந்தபோது, அப்படி எதுவும் இல்லை என்று அனுப்பிவிட்டேன்.

போடியில் நான் வேலை பார்த்த அந்த அலுவலகம் இப்போது செல்போன் கடை. கதையைக் கேட்ட அண்ணன் மகள், "நீங்க எழுதுனதையும் இதுல போடுவோம் அத்தை, உங்க பேரோட" என்றாள். பேரோட என்றதும் மனசு இளகிவிட்டது. பீரோவிலிருந்து பிளாப்பிகளை எடுத்துக் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தவள், "இதை எங்க அத்தை சொருகுறது?" என்றாள்.

வாங்கி முகர்ந்து பார்த்தேன். வாசம் எதுவும் இல்லை. இவை மலைக்கே போகாதவை.