பாஸ்கலின் கண்ணாடிச் சேவல்

பாஸ்கலுக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. பூசையில் பிரசங்கம் கொஞ்சம் நீண்டாலும் எழுந்து வெளியே போய், சைக்கிள் டயரை அமுக்கிப் பார்க்கிற ஆள். திண்டுக்கல்லில் கார் மெக்கானிக். காலில் சக்கரம் கட்டிப் பிறந்தவர் என்பாள் மனைவி இஞ்ஞாசியம்மாள்.

பழைய சீமைக் கார்கள் சிலவற்றில் ரேடியேட்டர் மூடிமேல் கண்ணாடிப் பொம்மை நிற்கும். எங்காவது அப்படியொரு காரைப் பிரிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டால் ஸ்பானரோடு கிளம்பிவிடுவார். மீன், குதிரைத் தலை, கூந்தல் பறக்கும் பெண் என்று ஆறு பொம்மைகள் டிரங்குப் பெட்டிக்குள் சேர்ந்துவிட்டன. சேவல் மட்டும் அகப்படவில்லை. அந்தக் குறை அவரை அரித்துக்கொண்டே இருந்தது.

1961இல் அகரத்தில், மூக்காயியின் கத்தரித் தோட்டத்தில் சேவலைக் கண்டார். கிணற்றில் நீர் இறைக்க என்ஜின் வேண்டுமென்று பழைய கார் வாங்கிப் பிரித்த குடும்பம் அது. சேவலுக்குச் சுண்ணாம்பு பூசி, கரிப்பொட்டு வைத்து, கம்பில் கட்டித் திருஷ்டிப் பொம்மையாக நிறுத்தியிருந்தார்கள்.

"காய்ப்பு முடியட்டும் மேஸ்திரி, சும்மாவே எடுத்துக்கிருங்க," என்றாள் மூக்காயி. "அதுவரைக்கும் அசைக்கக் கூடாது."

இரண்டு மாதம் பாஸ்கலுக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஞாயிறுதோறும் பூசையை விட்டுவிட்டு அகரத்துக்கு சைக்கிள் மிதித்தார். காற்றில் கம்பு சாயுமோ, எவனாவது கல்லெறிவானோ என்று வரப்பில் நின்று பார்த்துக்கொண்டே இருப்பார். பார்த்தும் மனசு ஆறாது.

கடைசிப் பறிப்பன்று உச்சிவெயிலிலேயே போய்விட்டார்.

"செத்த நேரம் நெழல்ல உக்காருங்க. வெயில் தாழ அவுத்துத் தாரேன்," என்று சொல்லிவிட்டு மூக்காயி கூடையோடு போனாள்.

உட்காருகிற ஆளா அவர்? தானே அவிழ்த்தார். கண்ணாடி கையைச் சுட்டது. சுண்ணாம்புக்குள் அது எப்படியிருக்கும் என்று உடனே பார்த்தாக வேண்டும். வரப்பில் வைத்து, கிணற்றுத் தண்ணீரை வாளியோடு அதன்மேல் கவிழ்த்தார். 'டிக்'கென்று ஒரு சத்தம். தூக்கினால், சேவல் இரண்டாகப் பிளந்து கைக்கொன்றாக வந்தது.

கொதிக்கிற ரேடியேட்டரில் பச்சைத் தண்ணீர் ஊற்றாதே, என்ஜின் விரிசல் விடும் என்று இருபது வருஷமாக டிரைவர்களைத் திட்டிய மனுஷன். ஊருக்குத்தான் உபதேசம்.

திரும்பி வந்த மூக்காயி துண்டுகளைப் பார்த்தாள்.

"தண்ணி ஊத்தி நாந்தேன் ஒடச்சுப்புட்டேன்," என்றார்.

"தண்ணி என்ன செய்யும் மேஸ்திரி? ஊரு கண்ணு அம்புட்டையும் தாங்குச்சு. வாரவாரம் வரப்புல நின்னு உத்து உத்துப் பாத்தீகளே, அந்தக் கண்ணைத்தேன் தாங்கல."

பாஸ்கல் வரப்பில் உட்கார்ந்தார். வெயில் தாழும்வரை எழுந்திருக்கவில்லை.